செல்லுபடி

இந்த ஊர்மொழியில் வலிக்குப் பெயர்
வலு.

எஸ்தோனியாவின் கிழக்கோரம், யொஹ்வி மருத்துவமனை,
இரண்டாம் மாடி, ரேடியேட்டர் ஓயாமல் முனகும் அறை.
மேசையில் முப்பது கேள்விகள்.
ஒவ்வொன்றுக்கும் ஐந்து கட்டங்கள்.
'ஒருபோதும் இல்லை'யில் தொடங்கி
'எப்போதும்' வரை.
இருநூற்றுப் பன்னிரண்டு பேர் நிரப்பித் தரவேண்டும்.
அப்புறம்தான் தெரியும்
நாங்கள் அளப்பது
நாள்பட்ட வலியோடு காலந்தள்ளும் விதத்தையா,
கேட்டதற்குப் பணிந்து பதில் சொல்லும் குணத்தையா என்று.

தலைவலியும் காய்ச்சலும் அவரவர்க்கு வந்தால்தான் தெரியும்.
சரி.
அதைக் கட்டத்துக்குள் எப்படி அடைப்பது?

ஹெல்துர் வந்தார்.
முப்பத்தோரு வருடம் எண்ணெய்க்கல் சுரங்கத்தில்
துளைக்கருவி பிடித்தவர்.
கருவி நின்று பல காலம்,
அதிர்வு மட்டும் இடுப்பில் இறங்கி
இடது கால் வழியே எரிந்துகொண்டிருக்கிறது.
சத்தமாக யோசியுங்கள் என்று கேட்டுக்கொண்டோம்.
சத்தமில்லாமல் யோசித்தார்.
பன்னிரண்டாம் கேள்வியில் பேனாவை வைத்துவிட்டார்:
'வலிக்கும்போது பிடித்த வேலையில் மனதைத் திருப்புகிறேன்.'

"பிடித்த வேலை விறகு பிளப்பது.
பிளந்தால்தான் வலிக்கிறது.
எனக்கு எந்தக் கட்டம்?"

த்ரீனு குறித்துக்கொண்டாள்: வாக்கியம் தெளிவாக இல்லை.
வாக்கியம் தெளிவாகத்தான் இருந்தது.

ஜினயீதா ரஷ்ய மொழிப் படிவம் கேட்டு வாங்கினாள்.
நர்வாவின் பழைய நூற்பாலைக்குக் கொடுத்த விரல்கள்,
பேனாவை இரண்டு கையாலும் பிடித்தாள்.
முப்பதுக்கும் நான்காம் கட்டம்.
ஏன் என்றோம்.
"ஒரே கோட்டில் வந்தால்
பார்க்க நன்றாக இருக்கிறதே."

இரண்டு வாரம் கழித்து
அதே தாள், அதே கேள்விகள், அதே நாற்காலி.
வலி மாறாதவரின் பதிலும் மாறக்கூடாது,
நம்பகத்தன்மை என்றால் அதுதான்.
ஹெல்துருக்குப் பதினேழாம் கேள்வி மாறியிருந்தது.
'என் வலியைப் பற்றிப் பேசுகிறேன்.'
போன முறை: எப்போதும்.
இந்த முறை: ஒருபோதும் இல்லை.

வலி கூடியதா?
இல்லை.
குறைந்ததா?
இல்லை.
வேறென்ன மாறியது?

"நாய்" என்றார்.

கோட்டின் முழங்கைப் பக்கம்
பழுப்பு மயிர் இன்னும் ஒட்டியிருந்தது.

வாசலில் காபி இயந்திரத்துக்கு நாணயம் தேடினார்.
பைக்குள்ளிருந்து வந்தது பழைய க்ரூன்,
மூன்று சிங்கங்கள் போட்டது.
யூரோ வந்ததிலிருந்து செல்லாக்காசு.
போட்டார். கக்கியது.
மறுபடியும் போட்டார், இயந்திரத்தைச் சோதிப்பவர்போல.
"டாலினில் ஒரு வங்கிச் சன்னல் உண்டு.
இன்றைக்குக் கொண்டுபோனாலும் மாற்றித் தருவார்கள்.
கெடு கிடையாது."
மாற்றலாமே என்றேன்.
"நூற்றறுபது கிலோமீட்டர்.
இந்தக் காலோடு, ஒரு காசுக்கு."
என் காசில் குடித்தோம். கசப்பு.

மார்ச்சில் கணக்கு முடிந்தது.
சமாளிப்பவர்கள் ஒரு கொத்து,
ஒதுங்குபவர்கள் ஒரு கொத்து,
பிரார்த்தனை செய்பவர்கள் தனி.
பதினேழாம் கேள்வி எவரோடும் சேரவில்லை.
அதை எடுத்துவிட்டால் ஆல்ஃபா
சைபர் புள்ளி ஏழு ஒன்பதிலிருந்து
எட்டு நான்குக்கு ஏறுகிறது.
நீக்கலாமா என்றாள் த்ரீனு.
ஒரு விசைதான். நீக்கினேன்.
இருபத்தொன்பது கேள்விகள், கருவி செல்லும்
என்று அறிக்கையில் எழுதினோம்,
அது பொய்யும் இல்லை.

படிவங்களைப் பெட்டியில் அடுக்கும்போது
அவருடையது மேலே வந்தது.
முதல் முறை பதினேழுக்குப் போட்ட குறி
அழுத்தமாக விழுந்து
தாளின் பின்பக்கம் சிறு மேடாக எழும்பியிருக்கிறது.
இரண்டாம் தாளைத் திருப்பித் தடவினேன்.
வழவழப்பு.

பெட்டிக்கு எண் ஒட்டினேன்.
ரேடியேட்டரை யாரோ அணைத்திருந்தார்கள்.